மங்கு விழுந்த முகத்துக்கு லேசரா, பீலா?

கேள்வி: எனக்கு 38 வயது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரு கன்னத்திலும் மூக்கின் மேலும் மங்கு விழுந்துவிட்டது. மருந்துக் கடையில் கொடுத்த க்ரீமைச் சில மாதம் போட்டேன். முதலில் வெளுத்தது, விட்டதும் முன்பைவிடக் கறுத்துவிட்டது. இரண்டு மாதத்தில் தம்பி கல்யாணம். பீல் (அமிலம் தடவித் தோலின் மேலடுக்கை உரிப்பது), லேசர், போடாக்ஸ் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைச் செய்துகொள்ளலாம்?

பதில்: போடாக்ஸை முதலில் ஒதுக்கிவிடுவோம். அது நெற்றி, புருவச் சுருக்கங்களுக்குப் போடும் ஊசி. மூன்று நான்கு மாதம் தாங்கும். மங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

லேசரும் இப்போது வேண்டாம். நம் மாநிறத் தோலில் சூடு பட்டாலே, லேசான புண் ஆனாலே, நிறமி கூடுதலாகச் சுரந்துவிடும். லேசரில் பளிச்சென்று ஆன முகத்தில் சில மாதங்களில் மங்கு திரும்புவது சகஜம். சிலருக்கு முன்பைவிட அடர்த்தியாகவே வரும். அதனால் மங்குக்கு லேசரை நான் கடைசியாகத்தான் யோசிப்பேன்.

எனக்குப் பெரிய கவலை அந்த க்ரீம்தான். ட்யூபின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், கன்னத்தில் மெல்லிய சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரியும், பருவும் பூனைமுடியும் வரும். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியலாம். பயந்துபோய் மறுபடி அதையே தடவாதீர்கள். ட்யூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், மங்கை அது கூட்டும். பாலூட்டுகிறீர்கள் என்றாலும் மறைக்க வேண்டாம். எழுதும் மருந்தே மாறும்.

இன்றைக்கே தொடங்க வேண்டியது சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாமல், தோல் நிறம் கலந்ததாக வாங்குங்கள். அந்த நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஆக்ஸைடு, மங்கைக் கூட்டும் சாதாரண வெளிச்சத்தையும் தடுக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கித் தடவுங்கள். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும்.

அப்புறம் பீல். கிளைகாலிக் அமிலத்தில் செய்யும் மேலோட்டமான பீல் மங்குக்குப் பலன் தரும். இரண்டு மூன்று வார இடைவெளியில் பல தடவை செய்ய வேண்டும். ஆனால் ஸ்டீராய்டால் மெலிந்த தோலில் அமிலம் பட்டால் புண்ணாகும். முகம் ஆறியதும் மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள், பார்லரில் வேண்டாம். அதற்குள் கல்யாணம் வந்துவிட்டால் சன்ஸ்கிரீனுக்கு மேல் கன்சீலர் (திட்டை மறைக்கும் மேக்கப்) போட்டுக்கொள்ளுங்கள். யார் சொன்னாலும் ப்ளீச் மட்டும் செய்யாதீர்கள்.