கோடை இரவும் குதிரைப் போர்வையும்: கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்துள்ளன. வெப்பமான கோடை இரவில் குதிரைக்குப் போர்வை வேண்டுமா என்பதே அது. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு மேற்கே சம்மர்வெல்ட் பக்கத்து லாயங்களில் 36 ஆண்டுகள் குதிரைகளைப் பராமரித்தவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருத்துவர் பார்க்க வேண்டியவற்றை அவரிடமே அனுப்பிவிடுவேன்.

பீனிக்ஸிலிருந்து ஒரு தாய்: ஐயா, என் மகளின் ஒன்பது வயதுக் குதிரையை ஹில்கிரெஸ்ட்டில் ஒரு லாயத்தில் விட்டிருக்கிறோம். நம் கோடையான சனவரி இரவில் 20 டிகிரி இருக்கும்போதும் அங்குள்ள மற்ற குதிரைகள் எல்லாவற்றிற்கும் பருத்திப் போர்வை போடுகிறார்கள். நம் குதிரை மட்டும் வெற்றுடம்போடு நிற்கிறதே என்று மகள் அழுகிறாள். வாங்கிக் கொடுக்கலாமா?

வாங்க வேண்டாம், அம்மா. மகளின் பரிவு நல்லதுதான். ஆனால் அவள் தன் உடம்பின் குளிரைக் குதிரையின் உடம்பில் வைத்துப் பார்க்கிறாள். நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த குதிரை ஏறத்தாழ 5 டிகிரி முதல் 25 டிகிரி வரை உடல் வெப்பத்தைக் காக்கத் தனி முயற்சி எதுவும் எடுக்காமலே சுகமாக நிற்கும். நமக்குப் போர்வை தேடத் தோன்றும் குளிரில் அது நிம்மதியாகத் தூங்கும்.

காரணம் அதன் வயிற்றில் இருக்கிறது. குதிரை தின்னும் புல் பின்குடலில் நுண்ணுயிர்களால் நொதிக்கும்போது ஓயாமல் வெப்பம் பிறக்கிறது. புல் உள்ளே இருக்கும்வரை அந்த அடுப்பு இரவிலும் அணைவதில்லை. அவ்வளவு பெரிய உடம்பில் சேரும் வெப்பத்தை வெளியேற்றுவதுதான் நம் கடற்கரைக் கோடையில் குதிரைக்குள்ள கடினமான வேலை. மனிதரைப் போலவே குதிரையும் வியர்வையை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. ஆனால் டர்பன் காற்றின் ஈரப்பதத்தில் அந்த வியர்வை எளிதில் காய்வதில்லை. பகல் முழுவதும் சேர்ந்த வெப்பத்தை இறக்கி வைக்க அதற்குக் கிடைக்கும் நேரம் இரவு ஒன்றே. அந்த நேரத்தில் நாம் முதுகின்மேல் துணியைக் கட்டி வாரையும் இறுக்கிவிட்டால், அதனால் தானே கழற்றிக்கொள்ள முடியாது. காற்று சற்றுக் குளிர்ந்தால்கூட, முடியைச் சிலிர்த்து இடையில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்பான வழியையும் போர்வையின் எடை அழுத்திக் கெடுத்துவிடுகிறது.

நான் இளைஞனாக இருந்தபோது, ஒரு பிப்ரவரி மாலையில் ஸ்காட்ஸ்வில் பந்தயத்தில் ஓடிவிட்டுத் திரும்பிய இளம் பெண்குதிரைக்கு, களைப்பில் குளிர்ந்துவிடும் என்று நினைத்து மெல்லிய போர்வையைப் போட்டுவிட்டு உறங்கச் சென்றேன். விடியற்காலையில் போர்வைக்கு அடியில் உடம்பெல்லாம் நனைந்து, மூச்சு வாங்கியபடி, தண்ணீர் வாளியை வெறுமையாக்கிவிட்டு நின்றிருந்தது. அந்தப் பிழை என்னுடையது. அன்று முதல் யார் கேட்டாலும் ஒன்றைச் சொல்கிறேன்: போர்வை போட்ட குதிரையைப் பார்க்காமல் ஓர் இரவு முழுவதும் விடாதீர்கள். தோள்பட்டைக்குப் பின்னால் போர்வைக்கு அடியில் உள்ளங்கையை வையுங்கள். அங்கே சூடாகவோ ஈரமாகவோ இருந்தால் போர்வை கூடாது. காதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது; காது குளிர்ந்திருந்தாலும் உடம்பு கதகதப்பாக இருக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அன்பர்: கடையில் "0 கிராம்" என்று எழுதிய போர்வையைக் காட்டுகிறார்கள். பூச்சியம் என்றால் சூடே இராது அல்லவா?

அந்த எண் உள்ளே திணித்துள்ள பஞ்சு போன்ற நிரப்பின் அளவை, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்கிறது. நிரப்பு இல்லை என்பதாலேயே துணி சூடாக இராது என்று ஆகாது. மழை புகாத மேல்துணி, பெயர் எப்படி இருந்தாலும், உள்ளிருக்கும் ஆவியையும் ஓரளவு தடுக்கவே செய்யும். மழைக்காலக் குளிரில் அதற்குப் பயன் உண்டு. வெப்பமான இரவில் இல்லை.

லேடிஸ்மித் அன்பர்: மாலையில் சவாரி முடித்துக் குதிரையைக் குளிப்பாட்டுகிறேன். ஈரத்தோடு நின்றால் சளி பிடிக்கும் என்று போர்வை போடுகிறேன். சரிதானே?

சரியில்லை, தம்பி. தண்ணீரை ஊற்றி, வழித்தெடுத்து, மறுபடி ஊற்றி வழியுங்கள். பிறகு காற்றோட்டமுள்ள இடத்தில் நடத்துங்கள். ஈர முடியின்மேல் துணியைப் போட்டால் அதன் அடியில் வெப்பமும் ஈரமும் சேர்ந்து தங்கும். டெர்மட்டோஃபிலஸ் என்னும் நுண்ணுயிரி முதுகிலும் இடுப்பிலும் பொருக்குக் கட்டி முடியைக் கொத்துக் கொத்தாக உதிரச் செய்வதற்கு அதைவிட ஏற்ற இடம் வேறில்லை.

டோங்காட் அன்பர்: எங்கள் பக்கம் இரவில் 18 டிகிரி. போர்வை வேண்டுமா?

வேண்டாம். காரணம் முதல் பதிலில் உள்ளது.

சேட்ஸ்வொர்த் அன்பர்: 19 டிகிரிக்கு மெல்லிய போர்வை மட்டும் போடலாமா?

18 டிகிரிக்கே வேண்டாம் என்றால் 19 டிகிரிக்கும் வேண்டாம். போர்வைக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள், ஐயா.

லெனேசியாவிலிருந்து ஓர் அம்மையார்: ஜோகானஸ்பர்க் பக்கம் கோடையில் மாலை இடிமழை வந்தால் ஒரே நேரத்தில் வெப்பம் சரிந்துவிடுகிறது, ஆலங்கட்டியும் விழுகிறது. எங்கள் பெண்குதிரைக்கு 27 வயது. விலா எலும்பு தெரிகிறது. அதற்கும் போர்வை கூடாது என்பீர்களா?

கூடாது என்று சொல்ல மாட்டேன், அம்மா. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். மழையும் காற்றும் சேர்ந்தால் நனைந்த முடி தன் காப்பை இழந்துவிடும். அப்போது வெப்பமானியில் உள்ள எண்ணை நம்பக் கூடாது. மெலிந்த முதிய குதிரை, நோயிலிருந்து தேறுவது, உடல்முடி முழுவதும் மழிக்கப்பட்டது, அண்மையில் பிறந்த குட்டி ஆகியவை நான் சொன்ன பொது விதிக்குள் வாரா. உங்கள் குதிரைக்கு முதலில் வேண்டியது மழைக்கும் ஆலங்கட்டிக்கும் ஒதுங்கக் கூரை. அடுத்து, மெல்ல முடிகிற அளவில் நல்ல புல். அதற்குப் பிறகும் நடுங்கினால், உடம்பைத் துடைத்துவிட்டு மெல்லிய போர்வை போடுங்கள். மழை விட்டு நடுக்கம் நின்றதும் எடுத்துவிடுங்கள். இந்த வயதில் மெலிவதற்குப் பல் தேய்மானமும் காரணமாக இருக்கலாம் என்பதால், மருத்துவரிடம் பற்களைக் காட்டுவதும் நல்லது.

வெருலம் அன்பர்: ஐயா சொல்வதைப் படித்து எனக்குக் கோபம் வருகிறது. நம் பகுதியில் குதிரை கோடை இரவில் சாவது வெப்பத்தால் அன்று, குதிரை நோயால். என் தாத்தா கரும்புத் தோட்டத்தில் கோவேறு கழுதைகளைப் பார்த்தவர். சூரியன் சாய்ந்ததும் முதுகில் சாக்கைக் கட்டி, சாணப் புகை போடுவார், ஒன்றுகூடச் சாகவில்லை. நீங்கள் போர்வையைக் கழற்றச் சொல்வது குதிரைகளைச் சாகக் கொடுப்பது ஆகாதா?

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நம் கோடை இரவின் உண்மையான எதிரி குளிர் அன்று, கடிக்கும் மிட்ஜ் பூச்சிதான். கொசுவைவிடச் சிறியது; ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் நீளமே இருக்கும். ஆப்பிரிக்கக் குதிரை நோயின் கிருமியை அது சுமந்து வருகிறது. 1854, 1855 ஆண்டுகளில் கேப் பகுதியில் இந்நோய் ஏறத்தாழ 70,000 குதிரைகளைக் கொன்றது. டன்கோப் என்று இங்கே சொல்லப்படும் நுரையீரல் வகை வந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வரை இறக்கும். தலை வீங்கும் டிக்கோப் வகையில்கூட ஏறத்தாழப் பாதி இறக்கும். 2020இல் தாய்லாந்துக்குள் இந்நோய் புகுந்து 500க்கும் மேற்பட்ட குதிரைகள் மாண்டபோது, அங்கே லாயங்களைச் சுற்றி வலை கட்டினார்கள், கம்பளி போர்த்தவில்லை.

உங்கள் தாத்தாவின் அனுபவத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். தோட்டத்து விலங்குகளைக் காத்த நம் முன்னோர் கண்ணால் கண்டதைக் கொண்டே சரியான நேரத்தை அறிந்திருந்தார்கள். சூரியன் சாய்வது முதல் விடியும் வரை ஆபத்து என்பது இன்றும் மாறவில்லை. ஆனால் கோவேறு கழுதை இந்நோயைக் குதிரையைவிடத் தாங்கும். கழுதையும் வரிக்குதிரையும் பெரும்பாலும் நோய்க்குறியே காட்டுவதில்லை. அவற்றைக் காத்த சாக்கு உங்கள் தரோபிரெட் இனப் பந்தயக் குதிரையையும் காக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சாக்கு முதுகை மட்டுமே மூடும். வயிறு, கால், முகம் எல்லாம் திறந்தே இருக்கும்.

எஸ்ட்கோர்ட் அன்பர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். குதிரையைக் கூரைக்கு அடியில் கட்டிவிட்டால் போதும், மிட்ஜ் உள்ளே வராது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பிறகு வலை எதற்கு?

பாதி உண்மை, தம்பி. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் குதிரையை இழக்கிறார்கள். இந்நோயைப் பரப்பும் பூச்சிகளில் இரண்டு வகை நமக்கு முக்கியமானவை. குலிகாய்டிஸ் இமிகோலா என்பது சாணமும் ஈரமும் கலந்த மண்ணில் பெருகும்; அது கட்டடத்துக்குள் புக விரும்புவதில்லை. குலிகாய்டிஸ் போலிட்டினோஸ் மாட்டுச் சாணத்திலேயே முட்டையிடும். குளிர்ந்த உயர்நிலப் பகுதிகளில் மிகுதி. அது லாயத்துக்குள் தயங்காமல் வரும். ஃப்ரீ ஸ்டேட் மாகாண உயர்நிலத்தில் ஆராய்ந்தபோது, திறந்த லாயத்தில் குதிரையைக் கட்டினால் போலிட்டினோஸ் உள்ளே வந்து கடிப்பதையும், கதவு சன்னல்களுக்கு நுண்வலை அடித்த பிறகு அது வெகுவாகக் குறைவதையும் கண்டார்கள். பக்கத்தில் மாடு மேயும் எஸ்ட்கோர்ட்டில் இது உங்களுக்கு மிகவும் பொருந்தும்.

வெருலம் அன்பர் (மீண்டும்): எனக்கு லாயமே இல்லை, ஐயா. திறந்த வெளியில்தான் நிற்கிறது. அப்படியானால் போர்வை வேண்டும்தானே?

வலை வேண்டும். கம்பளியும் வேண்டாம், பருத்தியும் வேண்டாம். கழுத்து, வயிறு, முகம் ஆகியவற்றையும் மூடும் நுண்வலைப் போர்வை, காற்றை உள்ளே விடும் துணியில் கிடைக்கிறது. ஈக்களைத் தடுக்க விற்கும் சாதாரண வலைப் போர்வையின் கண் பெரியது; மிட்ஜ் அதன் வழியே நுழைந்துவிடும். வலையின்மேல் குதிரைக்கென்றே தயாரித்த பைரெத்ராய்டு என்னும் பூச்சிக்கொல்லி மருந்தை, சீட்டில் எழுதியுள்ள அளவில் பயன்படுத்துங்கள். மிட்ஜ் வலுவாகப் பறக்க இயலாத பூச்சி. ஆதலால் காற்று வீசும் மேட்டுநிலத்தில் நிறுத்துங்கள், குளத்தங்கரையில் நிறுத்தாதீர்கள். சாணப் புகை அடர்ந்திருக்கும் வரைதான் உதவும். நள்ளிரவில் நெருப்பு அவிந்தால் காவலும் போய்விடும். அதுவும் மூச்சுக் குழலைக் கெடுக்கும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை.

இவை அனைத்தும் தடுப்பூசிக்குத் துணையே தவிர, மாற்று அல்ல. பிரிட்டோரியா அருகே ஒன்டர்ஸ்டெபோர்ட்டில் தயாராகும் தடுப்பூசி இரண்டு குப்பிகளாக, குறைந்தது மூன்று வார இடைவெளியில் போடப்படுகிறது. கோடை பிறக்கும் முன்பே அதை முடித்துவிட வேண்டும். லாயம் கட்ட முடிந்த அன்று கட்டுங்கள்; சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே விட்டு, உதித்து இரண்டு மணி நேரம் கழித்து வெளியே விடுங்கள்; இரவில் விளக்கை அணைத்துவிடுங்கள், ஒளி பூச்சியை அழைக்கும். வலைப் போர்வைக்கும் என் பழைய விதி பொருந்தும்: அடியில் கையை வைத்துப் பாருங்கள்.

ஸ்டாங்கர் அன்பர்: 17 டிகிரிக்குப் போர்வை?

வேண்டாம்.

பைன்டவுனிலிருந்து ஒரு மாணவி: குளிர்காலக் கண்காட்சிக்கு முடி குட்டையாக இருக்க, பிப்ரவரியிலேயே போர்வை போடத் தொடங்கச் சொல்கிறார்கள்.

முடி வளர்ச்சியை முதன்மையாக நடத்துவது பகல் நீளம், மகளே. டிசம்பர் கடைசியில் பகல் குறையத் தொடங்கியதுமே குதிரையின் உடம்பு அதை அறிந்துகொள்கிறது. பிப்ரவரி வெப்பத்தில் போர்வைக்கு அடியில் அதை வேக வைப்பதைவிட, கண்காட்சிக்கு முன்பு முடியை மழிப்பது குதிரைக்கு இரக்கமானது.

போர்ட் ஷெப்ஸ்டோன் அன்பர்: எந்த நிறுவனத்தின் போர்வை நல்லது?

நிறுவனங்களைப் பற்றி நான் எழுதுவதில்லை. தோளிலும் மார்பிலும் உராயாத அளவு முக்கியம்.

உம்சிண்டோ அன்பர்: இந்தக் கோடையில் எங்கள் குதிரை வியர்ப்பதே இல்லை, ஆனால் நின்ற இடத்திலேயே வேகமாக மூச்சு விடுகிறது. குளிர்ச்சியாக இருக்கிறது என்று பொருளா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் சில குதிரைகள் வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடுவதுண்டு, அது ஆபத்தானது. எந்தப் போர்வையும் போடாதீர்கள், வேலை கொடுக்காதீர்கள், நிழலில் நிறுத்தி உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். இன்றே மருத்துவரை அழையுங்கள்.

லேடிஸ்மித் அன்பர் (மீண்டும்): குதிரையே தனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும்.

சொல்லியிருக்கிறது, தம்பி. 2016இல் வெளியான நார்வே நாட்டு ஆய்வு ஒன்றில், 23 குதிரைகளுக்குப் பலகைகளில் வரைந்த குறிகளை மூக்கால் தொடக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குறி போர்வை வேண்டும் என்பது; ஒன்று கழற்று என்பது; ஒன்று இப்படியே விடு என்பது. இரண்டு வாரத்துக்குள் எல்லாக் குதிரைகளும் கற்றுக்கொண்டன. வெயிலும் வெப்பமுமான நாளில் கழற்றச் சொல்லின. மழையும் காற்றும் குளிரும் சேர்ந்த நாளில் போடச் சொல்லின. அதைப் படித்த நாளில், பல ஆண்டுகளாக லாயத்தில் நான் கண்டதைக் குதிரைகளே வாய்திறந்து சொன்னதுபோல் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

டோங்காட் அன்பர் (மீண்டும்): ஐயா, போர்வையைப் பற்றிக் கேட்டவன் நான்தான். நேற்றிரவும் அதற்கு முன்பும் குதிரை வெளியில்தான் நின்றது. இன்று காலை தீனி தின்னவில்லை. காய்ச்சல் 39.8 இருக்கிறது. கண்களுக்கு மேலுள்ள குழி நிறைந்து புடைத்திருக்கிறது. போர்வை போட்டு ஓய்வு கொடுக்கலாமா?

போர்வை வேண்டாம். கண்ணுக்கு மேலுள்ள குழி புடைப்பது குதிரை நோயின் முக்கியமான அடையாளம். அதை நடக்க வைக்காதீர்கள், வண்டியில் ஏற்றாதீர்கள். நின்ற இடத்துக்கு அருகிலேயே நிழலும் வலையும் கொடுத்து, முன்னால் தண்ணீர் வையுங்கள். மற்ற குதிரைகளின் வெப்பத்தையும் இப்போதே அளந்து, காலையும் மாலையும் குறித்து வையுங்கள். இந்நோய் சந்தேகம் என்றாலே அரசுக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். உங்கள் மருத்துவர் அதைச் செய்வார். எனக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு, அவரைத் தொலைபேசியில் அழையுங்கள்.