ரிப்போர்ட்டைப் பார்க்கலாம், கை வைக்கக் கூடாது: கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஆலை: சார், பெங்களூரா மாங்காய் வரத்து ரிப்போர்ட்டை பவர் பிஐ (மைக்ரோசாஃப்ட்டோட ரிப்போர்ட் மென்பொருள்) ஒர்க்ஸ்பேஸ்ல, அதாவது பொது ஃபோல்டர்ல வச்சு 14 பேரைச் சேர்த்திருக்கோம். யாரோ டன் சார்ட்டை லோடு கணக்கா மாத்தி சேவ் பண்ணிட்டாங்க. திருத்தறதை மட்டும் எப்படி நிறுத்தறது?

பதில்: ஒர்க்ஸ்பேஸ்ல நாலு ரோல், அதாவது உரிமை நிலை இருக்கு. அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர் இந்த மூணுல எது கொடுத்தாலும் ரிப்போர்ட்டைத் திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். வியூவர் மட்டும்தான் வெறும் பார்வை. 'மேனேஜ் ஆக்சஸ்' போய் ரிப்போர்ட் செய்யற ரெண்டு மூணு பேர் தவிர மத்தவங்களை வியூவராக்குங்க. அதைவிட நல்ல வழி, பார்க்கறவங்களை ஒர்க்ஸ்பேஸுக்குள்ளயே விடாம 'கிரியேட் ஆப்' போட்டு ஆப்பா கொடுக்கறது. ஒர்க்ஸ்பேஸ்ல சார்ட்டை யார் கலைச்சாலும், நீங்க 'அப்டேட் ஆப்' அழுத்தற வரைக்கும் ஆப்ல பழைய ரிப்போர்ட்டேதான் தெரியும். டேட்டா மாடல்ல (ரிப்போர்ட்டுக்கு அடியில இருக்கற டேட்டா தொகுப்பு) கை வச்சா மட்டும் அது உடனே ஆப்புக்கும் போயிடும். அதனால மாடலைத் தனி ஒர்க்ஸ்பேஸ்ல வைங்க.

வியூவர் ஆக்கின பிறகும் ஒருத்தர் திருத்தறார்னா குரூப்பைப் பாருங்க. ஒரே ஆள் ரெண்டு குரூப்ல இருந்தா பெரிய ரோல்தான் செல்லும்.

ஓசூர், உதிரிபாகக் கம்பெனி: ஒவ்வொரு சூப்பர்வைசரும் அவங்க லைன் ரிஜெக்‌ஷன் மட்டும் பார்க்கணும்னு ரோ லெவல் செக்யூரிட்டி போட்டோம் சார். 'டெஸ்ட் அஸ் ரோல்'ல சரியா வருது. ஆனா ஒருத்தருக்கு மட்டும் எல்லா லைனும் தெரியுது.

பதில்: அவர் கான்ட்ரிபியூட்டரா இருப்பார். ரோ லெவல் செக்யூரிட்டி வியூவருக்குத்தான் வேலை செய்யும். திருத்தற உரிமை இருக்கறவங்களை அது தடுக்காது. ஃபார்முலாவைக் குடையாதீங்க, ரோலை இறக்குங்க. திருத்தற உரிமையைச் சுருக்காம டேட்டாவை மட்டும் மறைக்கணும்னு நினைக்கறதுதான் இதுல அதிகமா நடக்கற தப்பு.

பர்கூர்: லிங்க் ஷேர் பண்ணித்தான் கொடுத்தேன், வியூவர் கூட இல்லை. ஆனா அந்த ஆள் அதே டேட்டாவை வச்சுப் புது ரிப்போர்ட் போட்டு எம்.டி.க்கு அனுப்பிட்டார்!

பதில்: அது 'பில்ட்' உரிமை. ஷேர் பெட்டியில ரெண்டு டிக் தானாவே விழுந்திருக்கும்: வாங்கினவர் மத்தவங்களுக்கு ஷேர் பண்ணலாம்னு ஒண்ணு, இந்த டேட்டாவை வச்சுப் புதுசா செய்யலாம்னு இன்னொண்ணு. அனுப்பறதுக்கு முன்னாடியே ரெண்டையும் எடுத்துடணும். இப்ப கொடுத்தாச்சு, அதனால ரிப்போர்ட்ல அவரை நீக்கினா மட்டும் போதாது, மாடல்ல பில்ட் அப்படியே தங்கியிருக்கும். ஒர்க்ஸ்பேஸ் பட்டியல்ல செமான்டிக் மாடல் (அந்த டேட்டா மாடலோட பேர்தான்) வரியில மூணு புள்ளி, 'மேனேஜ் பர்மிஷன்ஸ்', அவர் பேர் பக்கத்துல 'ரிமூவ் பில்ட்'. ஆப் வழியா கொடுக்கும்போதும் ஆடியன்ஸ் பக்கத்துல இதே பில்ட் டிக் இருக்கு, மறந்துடாதீங்க. பில்ட் போனா ரிப்போர்ட்டுக்கு அடியில இருக்கற முழு டேட்டாவை எக்ஸ்போர்ட் பண்றதும் நின்னுடும்.

காவேரிப்பட்டினம்: வியூவர் ஃபில்டரை மாத்தினா எல்லாருக்கும் மாறுமா?

பதில்: மாறாது. அவருக்கு மட்டும்தான் அப்படி நிக்கும். "நம்பர் தப்பா வருது"ன்னு ஃபோன் வந்தா முதல்ல 'ரீசெட்' அழுத்தச் சொல்லுங்க. பாதி புகார் அங்கேயே தீரும்.

பாலக்கோடு, தக்காளி மண்டி: அண்ணா, எங்ககிட்ட கூகுள் ஷீட்தான். பையன் தினமும் கிரேட் எண்ணிக்கையும் விலையும் போடுவான், மொத்தம் வர்ற கட்டத்தையும் அழிச்சிடறான். கமிஷன் டேபை மறைச்சு வச்சிருக்கேன், அது போதுமா?

பதில்: போதாதுங்க தம்பி. எடிட்டரா இருக்கறவர் மறைச்ச டேபைத் திரும்ப எடுத்துடலாம். முதல்ல டோட்டல் விஷயம்: 'டேட்டா' மெனுவுல 'புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்' போய் முழு ஷீட்டையும் பூட்டுங்க. 'எக்செப்ட் செர்ட்டன் செல்ஸ்' டிக் பண்ணி, பையன் நிரப்பற கட்டங்களை மட்டும் திறந்து விடுங்க. 'செட் பர்மிஷன்ஸ்'ல 'ஒன்லி யூ' கொடுங்க. 'ஷோ எ வார்னிங்' கொடுத்தா எச்சரிக்கை மட்டும் காட்டும், ஓகே தட்டினா அழிஞ்சிடும்.

கமிஷனைத் தனி ஃபைலாவே பிரிச்சிடுங்க. அதுலேருந்து ஒரு நம்பர் மட்டும் வேணும்னு 'இம்போர்ட்ரேஞ்ச்' (வேற ஃபைல்லேருந்து டேட்டா இழுக்கற ஃபார்முலா) போடறவங்க கவனிக்கணும்: ஒரு தடவை 'அலவ் ஆக்சஸ்' கொடுத்தா, வாங்கற ஃபைலோட எடிட்டர் யாரா இருந்தாலும் ஃபார்முலாவுல இடத்தை மாத்தி மூல ஃபைலோட எந்தப் பகுதியையும் இழுத்துக்கலாம். நடுவுல நீங்க மட்டும் திறக்கற மூணாவது ஃபைல் ஒண்ணு வச்சு, தேவையான நம்பரை அங்க வரவழைச்சு, பையன் ஃபைல் அதுலேருந்து எடுக்கற மாதிரி செய்யுங்க.

அரூர், ஜவ்வரிசி ஆலை: எங்களோடது பழைய எஸ்எஸ்ஆர்எஸ் (மைக்ரோசாஃப்ட்டோட ரிப்போர்ட் சர்வர்) சர்வர். பார்க்க மட்டும் விடற 'பிரவுசர்' ரோல்தான் கொடுத்தோம், ஆனாலும் ஒருத்தருக்கு டிலீட் வருது.

பதில்: அந்த விண்டோஸ் சர்வர்ல அவர் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்ல இருக்காரான்னு பாருங்க. அந்த குரூப்புக்கு ஆரம்பத்துலேயே எதையும் மாத்த, அழிக்க விடற 'கன்டென்ட் மேனேஜர்' ரோல் போயிருக்கும். இல்லைன்னா ஃபோல்டர் மேல் ஃபோல்டரோட உரிமையை வாங்கிட்டிருக்கும். 'மேனேஜ்', 'செக்யூரிட்டி', 'கஸ்டமைஸ்' போட்டுத் தனியா பிரிங்க.

ஊத்தங்கரை: லைசன்ஸ் செலவைத் தவிர்க்க 'பப்ளிஷ் டு வெப்' லிங்கை வாட்ஸ்அப் குரூப்ல போடலாமா சார்?

பதில்: வேண்டாம். அந்த லிங்க்குக்கு லாகினே கிடையாது, யார் கையில கிடைச்சாலும் திறக்கும். பார்க்கறவங்களுக்கு ப்ரோ லைசன்ஸ் வாங்குங்க. முடியலைன்னா மாலையில ஒரு பிடிஎஃப் எடுத்துப் போடுங்க. பிடிஎஃப்ல யாரும் சார்ட்டை மாத்தி சேவ் பண்ண மாட்டாங்க.