கோடையில் மரம் மெலியுமா?

கேள்வி: தாவரவியல் இறுதியாண்டில் மர வளர்ச்சி பற்றிய ஆறு மாதத் திட்ட ஆய்வுக்காக எங்கள் ஊர்க் கோயில் காட்டில் 60 மரங்களின் சுற்றளவை ஜனவரியிலும் ஏப்ரலிலும் டேப்பால் அளந்தோம். 19 மரங்கள் முன்பைவிட மெலிந்திருக்கின்றன. எண்களைத் திருத்தி எழுதலாமா?
- மாணவியர் குழு, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: திருத்தவே வேண்டாம். அவற்றில் சில உண்மையிலேயே மெலிந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் மரப்பட்டையும் அதையடுத்த மென்திசுக்களும் நீர் குடித்து உப்பியிருக்கும். ஏப்ரல் வெயிலில் அந்த நீர் வற்றச் சுற்றளவு ஓரிரு மில்லிமீட்டர் குறையும். காலை, மாலை அளவுகளில்கூட நுண்ணிய வேறுபாடு உண்டு. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில், நாளின் அதே நேரத்தில் அளக்க வேண்டும்.

மீதி, அளந்த கையின் பிழை. வீரை மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமரம் மேடும் பள்ளமுமாக ஓடியிருக்கும். டேப் பள்ளத்தில் இறங்காமல் மேட்டுக்கு மேடு தாவி நிற்கும். இரண்டு விரற்கடை மேலே போய்விட்டால் ஒரு சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம். அதனால் தரையிலிருந்து 1.3 மீட்டரில் (சரிவானால் மேட்டுப் பக்கம் நின்று) மெல்லிய பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். இந்திய வனத்துறை வழக்கம் 1.37 மீட்டர். எதை எடுத்தீர்கள் என்று எழுதிவைப்பது முக்கியம். கொடி சுற்றியிருந்தால் டேப்பை அதற்கு அடியில் நுழைக்க வேண்டும். தையற்கடை டேப் ஆகாது, இழுத்தால் நீளும்.

ஒரே நாளில் 20 மரங்களை இருவர், ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 மி.மீ. வந்தால், அதற்குக் குறைந்த எதையும் 'வளர்ச்சி' என்று எழுத முடியாது. வறண்ட ஆறு மாதத்தில் பெரும்பாலான மரங்கள் அந்த அளவைத் தாண்டாது. இந்தத் தலைப்பு ஆறு மாதத்துக்குப் பொருந்தாதது என்பதே எங்கள் கருத்து. முதுமலையில் இந்திய அறிவியல் நிறுவனத்தார் 1988 முதல் கவனித்துவரும் 50 ஹெக்டேர் நிலத்திலேயே சாவையும் புதுக் கன்றுகளையும் ஆண்டுதோறும் எண்ணினாலும், சுற்றளவை 4 ஆண்டுக்கு ஒருமுறைதான் அளக்கிறார்கள்.

தலைப்பைக் காட்டின் நலம் என்று மாற்றிக்கொள்ளலாம். சுற்றளவு வாரியாக மரங்களை எண்ணுங்கள். சின்ன மரங்கள் ஏராளமாகவும் பெரியவை சிலவாகவும் இருந்தால் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. பெரிய வீரை நிறைய, கன்றே இல்லை என்றால் ஆடு மேய்ச்சலோ உண்ணிச்செடிப் புதரோ காரணமா என்று பாருங்கள். ஜனவரி அளவு வீணாகாது, கோட்டோடும் மர எண்ணோடும் அடுத்த ஆண்டு மாணவர்களிடம் கொடுங்கள். எண் தகட்டை ஆணியடித்து மாட்டுவதானால் கோட்டுக்கு 30 செ.மீ. தள்ளி அடிக்கவும். ஆணியைச் சுற்றி மரம் புடைக்கும்.

கேள்வி: மரத்தைத் துளைத்து ஆண்டு வளையம் எண்ணினால் வேலை சுலபம்தானே?
- அதே குழு

பதில்: தேக்கிலும் சந்தன வேம்பிலும் வளையம் தெளிவாகத் தெரியும். கேரளத் தேக்கு வளையங்களைக்கொண்டு பழைய பருவமழையைக்கூட ஆராய்ந்திருக்கிறார்கள். உங்கள் காட்டு வீரை, காசான் மரங்களில் அப்படி நம்பி எண்ண முடியாது. துளை வழியே பூஞ்சை புகும், வைரம் பாய்ந்த மரத்தில் துளைப்பானும் முறியும். சாமி காட்டில் துளைபோட ஊரும் ஒப்பாது.