ரியாக்டர் நின்னுபோச்சுன்னா சட்டமும் நின்னுடுமா?

கேள்வி: அமெரிக்காவுல மூடின ஒரு அணுமின் நிலையத்தை பிரிச்சு இடிக்கிற இடத்துல, சப்-கான்ட்ராக்டர் கம்பெனி மூலமா வேலை பாக்குறேன், எச்1பி விசா. கான்கிரீட் தரையில மிச்சமிருக்கிற கதிர்வீச்சை கட்டம் கட்டமா மீட்டர் வச்சு அளந்து ஷீட்ல எழுதுறதுதான் வேலை. ஒரு மூலையை அளக்காம பக்கத்து கட்டத்து ரீடிங்கையே போடச் சொன்னாங்க. முடியாதுன்னு மேனேஜருக்கு மெயில் போட்டேன். மூணு வாரத்துல "அடுத்த மாசக் கடைசியோட வேலை இல்ல"ன்னு லெட்டர் வந்துடுச்சு. ரியாக்டர் ஓடாததால அணுசக்தி சட்டம் எனக்குப் பொருந்தாதுன்னு எச்ஆர் சொல்றாங்க. நிஜமா?

பதில்: இல்ல தம்பி, சுத்தமா தப்பு. இடிச்சு, மண்ணை அள்ளி, கடைசி சர்வே முடிஞ்சு என்ஆர்சி (அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம்) ரத்து பண்ற வரைக்கும் நிலையத்தோட லைசென்ஸ் உயிரோடதான் இருக்கும், அதுக்கு 60 வருஷம் வரை டைம் கூட உண்டு. எந்தக் கட்டுப்பாடும் இல்லாம இடத்தை விடணும்னா மிச்சக் கதிர்வீச்சு ஒருத்தருக்கு வருஷத்துக்கு 25 மில்லிரெம் (உடம்புல படுற கதிர்வீச்சோட அளவு) தாண்டக்கூடாது, அதுக்கு ஆதாரமே உங்க ஷீட் மாதிரி ஷீட்டுங்கதான், நாளைக்கு அங்க வீடு கட்டி புள்ளைய விளையாட விடுறவங்க அதை நம்பித்தான் விடுவாங்க. நீங்க மறுத்தது ரொம்ப சரி. பொய் ரீடிங்னு தெரிஞ்சே கையெழுத்து போட்டிருந்தா என்ஆர்சி உங்க மேலயே நடவடிக்கை எடுக்கலாம்.

உங்களுக்கான சட்டம் எனர்ஜி ரீஆர்கனைசேஷன் ஆக்ட், பிரிவு 211, அணுப் பாதுகாப்புக் குறையைச் சொன்னவரை பழிவாங்கக்கூடாதுன்னு சொல்றது. சப்-கான்ட்ராக்டர் ஆளுக்கும் உண்டு, மேனேஜருக்கு போட்ட மெயிலே போதும். புகார் போகவேண்டியது தொழிலாளர் துறையோட வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவுக்கு, 180 நாளுக்குள்ள. அந்த நாள் எப்போ ஆரம்பிக்குதுங்கிறதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, கடைசி வேலை நாள்ல இருந்து இல்ல, லெட்டர் கைக்கு வந்த நாள்ல இருந்து. வேரா இங்லிஷ்னு ஒரு அம்மா, ஜெனரல் எலக்ட்ரிக்கோட அணு எரிபொருள் ஆலை லேப்ல இருந்தவங்க, மேஜையில யுரேனியக் கறை இருந்ததை சிவப்பு டேப் ஒட்டி காட்டினாங்க, 1984-ல வேலை போச்சு. விசாரிச்ச நீதிபதி அவங்க பக்கம்தான் சொன்னார், ஆனா வேலை போகுதுங்கிற முடிவு அவங்களுக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து 30 நாள் தாண்டிடுச்சுன்னு புகாரே தள்ளுபடி. (அப்போ கெடு 30 நாள்தான், 1992-லதான் 180 ஆச்சு.) அப்புறம் 1990-ல சுப்ரீம் கோர்ட் மாநில சட்டப்படி கேஸ் போட தடையில்லன்னு சொல்லுச்சு, அதனால அந்த வழியும் உங்களுக்கு பாக்கலாம்.

ஜெயிச்சா வேலை, விட்டுப்போன சம்பளம், நஷ்டஈடு, வக்கீல் ஃபீஸ் கிடைக்கும். ஒரு வருஷத்துல முடிவு வரலன்னா ஃபெடரல் கோர்ட்டுக்கே போகலாம். என்ஆர்சிக்கும் தனியா சொல்லுங்க, அவங்க கம்பெனியை தண்டிப்பாங்க, உங்க வேலையை வாங்கித் தரமாட்டாங்க, அந்த மூலையை திரும்ப அளக்க வைக்க அவங்களாலதான் முடியும்.

செட்டில்மென்ட் பேப்பர் நீட்டினா வக்கீல் பாக்காம கையெழுத்து போடாதீங்க. "என்ஆர்சிகிட்ட பேசக்கூடாது"ன்னு அதுல ஒரு வரி இருந்தா அது செல்லாது. சர்வே ஷீட்டை வீட்டுக்கு தூக்கிட்டு வராதீங்க, அதையே சாக்கா வச்சுப்பாங்க, தேதி, கட்டம் நம்பர், யார் என்ன சொன்னாங்கன்னு நோட்ல எழுதி வைங்க. உங்க டோஸ் ரெக்கார்டை, அதாவது உங்க மேல எவ்வளவு கதிர்வீச்சு பட்டுச்சுங்கிற பதிவை, எழுத்துல கேளுங்க, அது உங்க உரிமை.

விசாவுக்கு மட்டும் கணக்கு வேற. வேலை முடியுற நாள்ல இருந்து அதிகபட்சம் 60 நாள், அதுக்குள்ள வேற கம்பெனி மனு போடணும், ஓஷா கேஸ் நடக்குதுங்கிறதுக்காக அது நிக்காது. அதனால இமிக்ரேஷன் வக்கீலை இந்த வாரமே பாத்துடுங்க, அந்த லெட்டரையும் வந்த தேதி தெரியுற மாதிரி கவரோட எடுத்துட்டுப் போங்க.