கூடத்துக்கு வாழைக்குருத்து நிறம் அடிக்கலாமா?

கேள்வி: ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. மாமனார் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம், சிவப்பு சிமென்ட் தரை. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர்கள். கூடத்துக்கு வடக்கே தெருவைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். பொங்கலுக்குள் பெயிண்ட் அடித்துவிட வேண்டும். மஞ்சள் கலந்த இளம்பச்சை, அதாவது வாழைக்குருத்து நிறம், எனக்கும் மகளுக்கும் பிடித்திருக்கிறது. மாமியார் "ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்" என்கிறார். பெயிண்டரோ "அட்டையில அழகா இருக்கும்மா, செவுத்துல அடிச்சா கண்ணு கூசும்" என்கிறார். சுவரில் கீழே மூன்றடிக்குப் பழைய ஆயில் பெயிண்ட் இருக்கிறது. அதற்கு மேலே அங்கங்கே உப்பு பூத்திருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, ராயபுரம்

பதில்: பெயிண்டர் சொல்வது சரி. மாமியார் சொல்வதும் பாதி சரி. ஆனாலும் அந்த நிறத்தை நீங்கள் அடிக்கலாம்.

முதலில் கண் கூசும் விஷயம். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்கு மிக எடுப்பாகத் தெரிவதே மஞ்சளும் பச்சையும் சந்திக்கிற இடம்தான். ஒளியலையின் நீளத்தில் சொன்னால் 555 நானோமீட்டர் பக்கம். போதாக்குறைக்கு, நான்கு சுவரிலும் ஒரே நிறம் அடித்தால் ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, நிறம் இன்னும் ஏறிப்போகும். அட்டையில் விரல் அகலத்துக்குப் பார்த்தபோது இது எதுவும் தெரிய வாய்ப்பில்லை. அதனால் உங்களுக்குப் பிடித்த ஷேடை அப்படியே எடுக்காதீர்கள். வெளிர் ஷேடாகப் பார்த்து எடுப்பது மட்டும் போதாது, கொஞ்சம் சாம்பல் கலந்து மங்கலாக இருப்பதைத் தேடுங்கள். கடையில் பார்க்கும்போது 'என்ன இது, அழுக்காக இருக்கிறதே' என்று ஒதுக்கத் தோன்றும் ஷேடுதான் சுவருக்குப் போனதும் வாழைக்குருத்தாகத் தெரியும். பளபளப்பு வேண்டாம், மேட் ஃபினிஷே கேளுங்கள். பழைய சுவரின் மேடுபள்ளத்தையும் அது காட்டிக்கொடுக்காது.

ஆஸ்பத்திரிப் பச்சையில் நீலம் தூக்கலாக இருக்கும். உங்களுடையது மஞ்சள் பக்கம் சாய்ந்தது, அதனால் பகலில் பயமில்லை. விளக்கு போட்ட பிறகுதான் சிக்கல். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை எல்.இ.டி. தான் எரிகிறது. அதில் நீலம் அதிகம், உங்கள் நிறத்தில் இருக்கிற மஞ்சளை அது அமுக்கிவிடும். ராத்திரி எட்டு மணிக்கு மாமியார் சொன்னது நடந்தே தீரும். 3000 கெல்வின் வார்ம் வொயிட் போட்டால் நேர்மாறாக மஞ்சள் ஏறும். அதிலும் கடுகு நிறத்துக்குப் போய்விடும் என்று பட்டால் 4000 பக்கம் பாருங்கள். பல்புப் பெட்டியிலேயே இந்த எண் அச்சாகியிருக்கும். பெயிண்ட் வாங்கும் முன் பல்பை முடிவு செய்யுங்கள் என்பேன்.

எதிர்வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. சந்துக்குள் இருக்கும் வீட்டுக்கு வானத்து வெளிச்சத்தைவிட எதிர்வீட்டு வெளிச்சம்தான் அதிகம் வந்து சேரும். அது ரோஸ் கலராக இருந்தால் உங்கள் பச்சை மங்கிப்போகும். அதனால் இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவர், உள்மூலை என்று மாற்றி மாற்றிச் சாய்த்து வையுங்கள். காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என மூன்று வேளையும் பாருங்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில் வடக்குப் பக்கம் சாய்ந்து விழும். அந்த மாதங்களில் உங்கள் ஜன்னல் பக்கம் இன்னும் வெளிச்சமாகும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எனக்கு நிஜமாகவே கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். உப்பு பூத்த சுவரில் எந்த நிறம் அடித்தாலும் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவர் மார்கழியில் காய்ந்திருக்காது, அதுவும் கடற்காற்று வீசுகிற ராயபுரத்தில். பொங்கலுக்கு முன் அவசரமாக அடித்துவிட்டு, அடுத்த வருஷம் பொரிந்து உரிகிறதென்று பெயிண்டரைத் திட்டுவது வடசென்னையில் வருடா வருடம் நடப்பதுதான். கனமான பிளாஸ்டிக் தாளை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது உள்பக்கம் நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படியானால் பொங்கலுக்கு வாசல் கதவையும் ஜன்னலையும் மட்டும் முடியுங்கள், கூடத்தை மாசி பங்குனிக்குத் தள்ளுங்கள். அதற்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: பக்கத்து வீட்டுக் குளியலறையா, மொட்டை மாடியா, தரையிலிருந்து ஏறுகிறதா.

தரையிலிருந்து ஏறுகிற ஓதம் என்றால், சுண்ணாம்புச் சுவரைப் பிளாஸ்டிக் எமல்ஷனால் மூடுவது சரிப்படாது. அந்த ஈரம் வெளியே போக வழி தேடி இன்னும் மேலே ஏறும். உங்கள் மூன்றடி ஆயில் பெயிண்டுக்கு மேலே உப்பு பூத்திருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது. மஞ்சள் காவியும் துளி பச்சை ஆக்சைடும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும், அவற்றைக் கலந்தே உங்கள் நிறத்துக்குப் பக்கத்தில் போய்விடலாம். சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் ஒட்டும், உண்மைதான். பெஞ்சு இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு பாயைத் தொங்கவிடுங்கள். எமல்ஷன்தான் என்று முடிவானால், பட்டி குழைக்கவும் பெயிண்டில் கலக்கவும் போர் தண்ணீரைத் தொட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்துத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். மெட்ரோ வாட்டர் இரண்டு குடம் தனியாக எடுத்து வையுங்கள்.

அந்தப் பழைய ஆயில் பெயிண்டைக் காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். அந்தக் காலத்து மஞ்சள், பச்சை ஆயில் பெயிண்டுகளில் ஈயம் கலந்த நிறமிகள் சகஜம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தண்ணீர் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். முடியும்வரை குழந்தைகள் கூடத்துப் பக்கம் வர வேண்டாம். தேய்த்த கழிவை ஈரத்துணியால் துடைத்து அள்ளுங்கள், பெருக்கக் கூடாது.

தரையைப் பற்றி நீங்கள் கவலைப்படவில்லை, படவும் வேண்டாம். எம்.சி. ரோட்டில் புடவை எடுத்துப் பழகிய உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை: இலைப்பச்சை உடலுக்கு அரக்கு பார்டர் எப்படி எடுக்குமோ, இந்தச் சுவருக்குச் சிவப்புத் தரை அப்படித்தான். ஆனால் சிவப்பு பக்கத்தில் இருக்கும்போது பச்சை கூடுதல் பச்சையாகத் தெரியும். மங்கல் ஷேடு எடுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். திரைச்சீலைக்கு அரக்கு அல்லது கத்தரிக்காய் நிறம் பாருங்கள். இன்னொரு பச்சை வேண்டவே வேண்டாம். சீலிங் வெள்ளையாகவே இருக்கட்டும். கண்ணாடியைக் கூடத்தில் மாட்டாதீர்கள். சுவரின் பச்சை முகத்தில் அடித்து, நன்றாக இருக்கிறவர்களும் காய்ச்சல்காரர் மாதிரித் தெரிவார்கள். மகளுக்கு இது பெரிய விஷயமாக இருக்கும்.

மெஷினில் கலக்கிய நிறம் ஒவ்வொரு தடவையும் மயிரிழை மாறும். கூடத்துக்குத் தேவையானதை ஒரே நாளில் கலந்து வாங்கி, எல்லா டப்பாவையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கச் சொல்லுங்கள். மிச்சத்தில் அரை லிட்டரை இறுக மூடி, ஷேடு நம்பரை டப்பாமேல் எழுதிப் பரணில் போட்டு வையுங்கள்.