1500 மீட்டர் ஓட்டம் 7 நிமிடம் 40 நொடியிலேயே (7.40) நிற்கிறதா?

முதல் சுற்றை மெதுவாக ஓடுங்கள், நேரம் குறையும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தால் போதும். அதற்கு மதிப்பெண் கிடையாது. முதல் ஆளாக வந்தாலும் 6.58-ல் வந்தாலும் ஒன்றுதான்.

மூன்றாவது சுற்றில் கால் கட்டிப்போட்ட மாதிரி ஆகிறதா? விசில் ஊதியதும் கூட்டத்தோடு பாய்ந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான்: முதல் 400 மீட்டர் 1.20, அப்புறம் விலாவைப் பிடித்துக்கொண்டு நடை!

ஒன்று செய்யுங்கள். 400 மீட்டர் மைதானத்தில் நண்பர் ஒருவரை நிறுத்தி ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறிக்கச் சொல்லுங்கள். மொத்தம் மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 1 நிமிடம் 52 நொடி வரை இடம் உண்டு. முதல் சுற்று 1.40-க்குள் வந்தால் கோளாறு அங்கேதான்.

எல்லாச் சுற்றும் ஒரே நேரம் வந்தும் 7.40 என்றால் மூச்சுத் தாங்கும் சக்தி போதவில்லை. வாரம் மூன்று நாள் நிதானமாக 4 கிலோமீட்டர் ஓடுங்கள். கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பு வலித்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள், வலியோடு ஓட வேண்டாம். அந்த நாட்களில் கயிறு ஏறிப் பழகலாம். தேர்வில் 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு. உடல்திறன் தேர்வில் மதிப்பெண் இந்த மாதிரி நட்சத்திரங்களுக்குத்தான்.