பஃபலோவில் ஏரி ஓரம் பனி கொட்டுகிறதே, பழவேற்காடு ஏரி ஓரம் ஏன் இல்லை?

அமெரிக்காவின் பஃபலோவில் இருக்கும் அண்ணன் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, எண்ணூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஏரி மட்டும் இருந்தால் போதாது, அதைவிட மிகக் குளிர்ந்த காற்றும் வேண்டும்.

நவம்பரில், பஃபலோவை ஒட்டிய ஈரி ஏரித் தண்ணீரில் கோடைச் சூடு மிச்சமிருக்கும். கனடா பக்கமிருந்து வரும் உறைகுளிர் காற்று அதன்மேல் ஓடும்போது அடியில் சூடேறி, ஈரத்தை உறிஞ்சி, மேலெழுந்து மேகமாகும். நீர்ப்பரப்புக்கும் ஒன்றரை கிலோமீட்டர் உயரக் காற்றுக்கும் 13 டிகிரியாவது வித்தியாசம் வேண்டும் என்பது வானிலைக்காரர்கள் கணக்கு. ஏரியின் நீளம் கிட்டத்தட்ட 390 கிலோமீட்டர். காற்று அந்த நீளவாக்கிலேயே அடித்தால் மேகம் ஒரே பட்டையாகத் திரண்டு, கிழக்கு முனையில் இருக்கும் பஃபலோ பக்கம் இறங்கும். 2022 நவம்பரில் அதன் தெற்குப் புறநகரில் சுமார் 2 மீட்டர் பனி! ஏரி உறைந்துவிட்டால் ஆட்டம் அடங்கும்.

பழவேற்காட்டில் மார்கழியிலும் அந்தக் குளிர் ஏது? ஆனால் வங்கக்கடல் இதற்குத் தம்பி முறை வேலை ஒன்றைச் செய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்றை, ராத்திரி குளிர்ந்த நிலக்காற்று கரையோரத்தில் மறிக்கும். அங்கே மேகம் திரளும். விடியற்காலை சென்னைக் கடலோரக் காசிமேட்டில் ஊற்றும்போது, உள்ளே தள்ளியிருக்கும் ஆவடியில் ரோடு காய்ந்தே கிடப்பது பெரும்பாலும் இதனால்தான். வெயில் ஏறி நிலக்காற்று அடங்கினால் மழை உள்ளேயும் நகரலாம்.